கடைமடைக் கரையில் தை மாதம்: செடியைப் பார்த்துத் தண்ணீரை அறிய ஒரு முழு வழிகாட்டி

வேதாரண்யத்துக்கு வடக்கே, மணல்மேட்டை ஒட்டி என் அத்தை வீடு. கொல்லையில் இரண்டு கிணறுகள். ஒன்றின் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அறுபது எழுபது அடி தள்ளியிருக்கும் மற்றதில் சோப்புகூட நுரைக்காது. சின்ன வயதில் வாளியை எடுத்துக்கொண்டு ஓடும்போது எது எந்தக் கிணறு என்று எனக்குக் குழம்பிவிடும். "கெணத்தப் பாக்காதடா, சுத்தி என்னா மொளச்சிருக்குன்னு பாரு" என்பார் அத்தை. நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும் மண்டியிருக்கும். உப்புக் கிணற்றைச் சுற்றி வங்காரவள்ளை, தடித்த இலையும் சிவந்த தண்டுமாகத் தரையோடு படர்ந்திருக்கும்.

காவிரி டெல்டாவின் கடலோரம் முழுவதையும் இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே சுற்றிவரலாம். எங்கே கடல் நீர் ஏறுகிறது, எங்கே மழை நீர் தங்குகிறது, எங்கே ஆறு கடைசி மூச்சாக வந்து சேர்கிறது என்பதையெல்லாம் செடிகள் காட்டிக்கொடுக்கும். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாள் கையில் இருந்தால் போதும்.

எப்போது கிளம்புவது

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை. அதற்கு முன் போனால் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்வீர்கள். இந்தக் கரைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் கொட்டுகிறது, புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மாசி பாதி தாண்டிவிட்டால் வெயில் ஏறி, மணலில் இருக்கும் சின்னச் செடிகள் கருகத் தொடங்கிவிடும்.

இடைப்பட்ட இந்த ஏழெட்டு வாரங்களில் மண்ணில் ஈரம் இருக்கும், வானம் தெளிந்திருக்கும், வாடைக்காற்றும் இதமாக வீசும். குளிர்காலம் என்றால் மொட்டை மரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன என்றால் அது படத்தில் பார்த்த ஊர். நம் கடலோரம் பச்சையாக இருப்பதே குளிரில்தான். "தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைப் பிளக்கும்" என்பார்கள். தரை ஒன்றும் பிளக்காது. ஆனாலும் விடியலில் ஒரு துண்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

தினமும் ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி, பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். பூக்கள் விரிந்திருக்கும், வெயில் கண்ணைக் கூசாது. மாலையில் நாலரைக்கு மேல் ஒரு சுற்று போகலாம்.

கையோடு என்ன வேண்டும்

ஒரு நோட்டு, பென்சில், தண்ணீர், குதிகால் மூடிய செருப்பு. கேமரா கட்டாயம் இல்லை, போன் போதும். ஒவ்வொரு செடிக்கும் நான்கு விஷயங்கள் எழுதுங்கள்: இலை மெல்லியதா தடித்ததா, கிள்ளினால் பால் வருகிறதா, மண் என்ன மாதிரி, பக்கத்தில் வேறு என்ன நிற்கிறது. நான்காவதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எனக்கு மற்ற மூன்றையும்விட அதுதான் அதிகம் பயன்பட்டிருக்கிறது.

பெயரை ஊர்க்காரர்களிடம் கேட்டே எழுதுங்கள். ஒரே செடிக்கு நாகப்பட்டினத்தில் ஒரு பெயர், அதிராம்பட்டினத்தில் ஒரு பெயர் இருக்கும். உப்பு மண்ணில் வளரும் உமிரி, உமரி என்று சொல்வதே ஒரு செடி அல்ல, ஒரு கூட்டம். சண்டை போடாமல் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோடியக்கரை சரணாலயத்துக்குள் எதையும் பறிக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கிள்ளிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது எல்லாம் ஊர்ப்புறத்து வரப்பிலும் சாலையோரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கோடியக்கரையில், அலையிலிருந்து காட்டுக்குள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து, கோடியக்கரைக்கு வழியிலுள்ள அகஸ்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரலில் அகல ரயில் பாதை திறக்கப்பட்டது. ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் வேதாரண்யம் வரை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுவது நல்லது.

கோடியக்கரையில் நிற்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். வடக்கே தரங்கம்பாடி, நாகூர் என்று நேராக இறங்கிவரும் கரை, இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. 'கோடி' என்ற பெயர் சும்மா வந்ததில்லை. கிழக்குப் பக்கம் வங்காள விரிகுடா: அலை அடிக்கும், மணல் குவியும். தெற்குப் பக்கம் பாக் நீரிணை: அலை மட்டு, சேறு படியும். மணல் விரும்பும் செடிகள் ஒரு பக்கமும் சேறு விரும்பும் செடிகள் மறுபக்கமுமாகப் பிரிவது இதனால்தான். அடுத்த மூன்று நாளும் பார்க்கப்போவது எல்லாம் இந்த ஒரு திருப்பத்தின் விளைவு.

அலை நனைக்கும் மணலில் ஒன்றும் முளைக்காது. அங்கிருந்து உள்நோக்கி நடங்கள். முதலில் வரவேற்பது அடம்பு. நீண்ட கொடி கடலைப் பார்த்தே ஊர்ந்துபோகும். இலை நடுவில் பிளந்து குளம்பு மாதிரி இருக்கும். பழைய புலவர்கள் மானின் குளம்பு என்றார்கள், எங்கள் ஊரில் ஆட்டுக்கால் என்கிறார்கள். பூ ஊதா கலந்த ரோஜா நிறம். காலையில் விரிந்து, மதியத்துக்குமேல் சுருண்டுவிடும். பத்து மணிக்கு எழுந்து, மதியத்துக்குமேல் போய்விட்டு "பூவே இல்லையே" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடம்போடு சேர்ந்தே நிற்கும் இராவணன் மீசை. பெயர் வைத்தவனுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். விறைத்த ஊசி இலைகள் கொத்துக் கொத்தாக நிற்கும், தெரியாமல் மிதித்தால் செருப்பைத் தாண்டிக் குத்தும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூங்கொத்து முள்பந்து மாதிரி முதிர்ந்து, காம்பு அறுந்து, காற்றில் மணல் மேல் உருண்டோடும். போகிற வழியெல்லாம் விதையை உதிர்த்துக்கொண்டே போகும். குழந்தைகளை அழைத்துப் போனால் அதன் பின்னால் ஓடவிடுங்கள், வேறு விளையாட்டே வேண்டாம். இந்த இரண்டு செடியின் தண்டும் மணலுக்குள் வேரிறக்கிப் பின்னிக்கொள்கின்றன. காற்று கொண்டுவரும் மணல் அதில் சிக்கிச் சிக்கித்தான் மேடே உருவாகிறது. அவற்றைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவர் கட்டும் ஆட்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மணல்மேட்டின் பின்சரிவில் இறங்கினால் காட்சி மாறும். எருக்கு, தாழை, பனை, ஆங்காங்கே சங்கங்குப்பி. தரையில் ஆனைநெருஞ்சி. தைமாதம் அதில் மஞ்சள் பூ பார்க்கலாம். ஊர்ப்புறத்தில் அதன் ஒரு கிளையை ஒடித்து, சொம்புத் தண்ணீரில் விட்டு நன்றாகக் கலக்குங்கள். தண்ணீர் வெண்டைக்காய்க் கொழகொழப்பாகிவிடும். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு வித்தை மாதிரி இருக்கும். கிலுகிலுப்பையும் இந்தச் சரிவில்தான். காய் உலர்ந்திருந்தால் காற்றிலேயே சலசலக்கும்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இதெல்லாம் எப்படித் தழைக்கிறது? மணல் குடித்த மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரை விட லேசானது. அதனால் அது மேலே ஒரு தட்டு மாதிரி மிதந்து நிற்கும். வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் இந்த மணலில் குட்டை தோண்டி, அந்தத் தண்ணீரை இறைத்துத்தான் காய்கறியும் புகையிலையும் வளர்த்தார்கள். என் அத்தையின் நல்ல கிணறும் இந்தத் தட்டில் நிற்கிற கிணறுதான். அளவுக்கு மீறி மோட்டார் போட்டு இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலேறிவிடும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது காடு. கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் 1967இல், முக்கியமாக வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்டது. செக்போஸ்டில் கட்டணம் கட்டி, சொல்லும் பாதையில் மட்டும் போங்கள். இது வெப்பமண்டல உலர் பசுமைக்காடு. மரங்கள் குட்டை, இலைகள் தோல் மாதிரி தடிப்பு, ஆண்டு முழுக்கப் பச்சை. தலைமை மரம் பாலை. உலக்கைக்கு ஆகும் அளவுக்கு உறுதியான கட்டை என்பதால் உலக்கைப் பாலை என்றும் பெயர். இதன் இனிப்புப் பழம் கோடையில்தான், எனவே தையில் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்க வேண்டாம். வீரை, காயா, களா, சூரை, காரை, நான்கு முள் சேர்ந்து நிற்கும் சங்கஞ்செடி எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். உகா மரத்தையும் தேடுங்கள். பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி இதன் வேரிலும் கிளையிலும் இருந்துதான் கிடைக்கிறது.

வேலிகளிலும் காட்டு விளிம்பிலும் செங்காந்தள் கொடி கார்த்திகையில் பூத்து ஓய்ந்து, வாடிய பூவும் காயுமாக நிற்கும். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு எல்லாம் இதன் பெயர்தான். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று அதில் கை வைக்க வேண்டாம்: கிழங்கிலிருந்து விதை வரை நஞ்சு.

இராமர் பாதம் காட்டின் மிக உயரமான மேடு. உயரம் என்றாலும் சில மீட்டர்தான். மேலே நின்று பார்த்தால் காடு எங்கே முடிந்து சதுப்பு எங்கே தொடங்குகிறது என்பது கோடு போட்ட மாதிரி தெரியும். சீமைக் கருவேலம் எவ்வளவு தூரம் நுழைந்துவிட்டது என்பதும் தெரியும். அதன் இனிப்பான காயை விலங்குகள் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளியில் போடுகின்றன. புல்வெளி குறைந்தால் வெளிமானுக்கு இடமில்லை. வனத்துறை வெட்டுகிறது, அது முளைக்கிறது.

இரண்டாம் நாள்: உப்பளமும் அலையாத்தியும்

காலையில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பெடுத்த இடம், நினைவுத்தூண் இருக்கிறது. இன்றும் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு இங்கேதான். தையில் பாத்திகளைச் சீர் செய்து, தண்ணீர் கட்டத் தொடங்குவார்கள். வெள்ளைக் குவியல்களைப் பார்க்க வேண்டுமானால் பங்குனிக்கு மேல் வரவேண்டும். நமக்கு வேண்டியது உப்பு அல்ல, வரப்பு.

உப்பள வரப்பு ஓர் அளவுகோல் மாதிரி. சாலைப் பக்கம் அருகம்புல்லும் கோரையும் தெரியும். கொஞ்சம் தள்ளினால் வங்காரவள்ளை. இன்னும் தள்ளினால் உமிரி வகைகள் மட்டும். அதற்கும் அப்பால் வெறுந்தரை. மண்ணில் உப்பு ஏற ஏற ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்வதைப் பத்து நிமிட நடையில் பார்த்துவிடலாம். உமிரி மழைக்குப் பின் பசேலென்று இருக்கும், காயக் காயச் சிவப்பேறும். தை நடுவில் ஒரே திட்டில் இரண்டு நிறமும் கலந்து, யாரோ கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். சில வகைகளைக் கீரையாகவும் சமைக்கிறார்கள். உப்பு போட வேண்டியதில்லை என்பது வீட்டுக் கேலி.

இங்கே நான் ஒருமுறை அவமானப்பட்டேன். காய்ந்து வெடித்த தரை போலத் தெரிந்த இடத்தில் படம் எடுக்கக் குறுக்கே போனேன். ஏழாவது அடியில் முழங்கால் வரை உள்ளே. மேலே ஓட்டுத்தகடு மாதிரி காய்ந்திருக்கிறது, அடியில் களிச்சேறு. பாத்தி வேலையில் இருந்த ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, வெறுந்தரையில கால வைக்காதீங்க, உமிரி மேல மிதிச்சு வாங்க" என்று சத்தம் போட்டார். செடி இருக்கும் இடத்தில் வேர் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும். அன்றிலிருந்து சதுப்பில் எனக்கு அதுதான் சட்டம். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சதுப்பும் கோடியக்கரையும் முத்துப்பேட்டை வரையிலான பரப்பும் சேர்த்து 385 சதுர கிலோமீட்டர், 2002இல் ராம்சார் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூநாரைகள் இந்த மாதங்களில் இங்கே இருக்கும். அவற்றைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நாம் மேற்கே போவோம்.

முத்துப்பேட்டைக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. அலையாத்திக் காட்டுக்குள், அதாவது கடலோரச் சேற்றில் நிற்கும் மாங்குரோவ் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், ஜாம்புவானோடையிலிருந்து படகு. முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள், அன்று காலை போய் நின்றால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு போன்ற காவிரியின் கடைசிக் கிளைகள் இந்த உப்பங்கழியில்தான் வந்து விழுகின்றன.

படகு நகரத் தொடங்கியதும் கரையைப் பாருங்கள். இருபக்கமும் கிட்டத்தட்ட ஒரே மரம், அலையாத்தி. வெண்கண்டல் என்றும் சொல்வார்கள், இலையின் அடிப்பக்கம் வெளுத்திருப்பதால். சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சுவேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. எங்கள் படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, "ஒரு எலைய நாக்குல வச்சுப் பாருங்க தம்பி" என்றார். உப்பு. வேரில் முடிந்தவரை வடிகட்டி, மீறி வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடுகிறது அந்த மரம். மழையில்லாத காலையில் இலை மேல் பொடிப்பொடியாகக் கண்ணுக்கே தெரியும்.

ஏன் ஒரே மரம்? இங்கே வரும் நன்னீர் குறைந்துகொண்டே வந்தது. கோடையில் கழி நீரின் உப்பு கடலையும் மிஞ்சிவிடும். அதைத் தாங்குகிறவன் மட்டும் நிற்கிறான். கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரம் போனால், கொக்கு மாதிரிக் கால் ஊன்றிய சுரபுன்னையையும் வேறு பல கண்டல் மரங்களையும் பார்க்கலாம். அலையாத்தியின் ஓரத்தில் கழுதைமுள்ளியைத் தேடுங்கள், முள் விளிம்பு இலையும் நீலப் பூவும் அடையாளம். தில்லையும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டாலும் கொப்புளம். படகு ஒதுங்கும்போது தெரியாத கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள். கஜாவில் பட்டுப்போன மரங்கள் இன்னும் ஆங்காங்கே வெள்ளை எலும்பாக நிற்கின்றன. அவற்றின் காலடியில் புதுக்கன்றுகள் எழும்பியிருப்பதையும் பாருங்கள்.

மூன்றாம் நாள்: வாய்க்காலும் வரப்பும்

கடலை விட்டு ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே வாருங்கள். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் எந்த ஊராகவும் இருக்கலாம். சம்பா அறுப்பு நடக்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் கதிருக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டா வழக்கம், பனி ஈரத்திலேயே அது வளர்ந்துவிடும். வரப்பில் தும்பை, பொடுதலை. அறுத்த வயலில் ஊதாப் பந்து மாதிரிக் கொட்டைக்கரந்தை, தரையோடு ஒட்டிய செருப்படி. வாய்க்காலில் நீர்முள்ளி ஊதாப் பூவோடு நிற்கும், கரையில் சம்பங்கோரை. நெய்வேலிக் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் வேண்டாத விருந்தாளிகள். வயல்களை வேகமாகக் கடந்துவிடலாம். குளங்களில் கொஞ்சம் நில்லுங்கள். அல்லி இரவில் விரிந்து காலையில் கூம்பும், நீல நெய்தல் பகலில் விரியும். எட்டு எட்டரைக்குப் போனால் ஒன்று மூடிக்கொண்டிருக்க, ஒன்று திறந்துகொண்டிருக்கும்.

ஆழமில்லாத தேங்குநீரில் நெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்துக்கு மாலை கட்டுவது இந்தச் செடியின் வெள்ளைத் தக்கையில்தான்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வாய்க்கால் இறங்கும், கடைமடைக்கு முதலில். எனவே பயணத்தின் கடைசி இடத்தை அந்தத் தேதியை ஒட்டி வையுங்கள்: கடலுக்கு முன்னால் இருக்கும் கடைசி சட்ரஸ். கடல்நீர் ஏறிவராமல் தடுக்க ஆறுகளின் கடைமுனையில் கட்டிய கதவணை அது. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பாலத்தின் நடுவில் நின்று மேற்கே குனிந்து பாருங்கள். அல்லி இலையும் சம்பங்கோரையும், தண்ணீர் குடிக்க வரும் மாடும் தெரியும். அப்படியே திரும்பி மறுபக்கக் கைப்பிடிச் சுவருக்கு வாருங்கள். அதே ஆறுதான். கீழே உமிரி, அதற்கப்பால் சேற்றில் நாலைந்து அலையாத்திக் கன்றுகள்.